இரண்டு பேரும் ஒன்றாகக் கதைக்கலாம்

லண்டன்
12.1.1975

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே பனி கொட்டித் தள்ளுகிறது. ஆனாலும் நான் சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? கப்பல் திருத்தும் டொக்யார்டில் விழுந்து முறித்த கால் இந்த மாரிக்கு நோகிறதா என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

முதலில் என் முறைப்பாடு. புதுவருசத்துக்கு நான் பதிந்த ரெலிபோன் கோலுக்கு அம்மா மட்டும்தான் தபாற்கந்தோருக்கு வந்தா. அப்பா எங்கே என்று கேட்டதற்கு, "கோயிலுக்குப் போயிட்டார் பிள்ளை" என்றா. தீபாவளிக்கும் அதே பதில். நான் ஊரில் இருந்த காலத்தில் உங்களைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போக அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். திடீரென்று எப்படி இவ்வளவு பக்தி வந்தது?

இனி நல்ல சங்கதி. தொலைபேசி ஆய்வுகூடத்தில் என்னை எதிரொலிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இந்தப் பிரிவில் பொறியியலாளராக இருக்கும் ஒரே பெண் நான்தான். வேலை என்னவென்று சொல்கிறேன். வானத்தில் சுற்றும் செய்மதி வழியாகப் போகும் குரல் வெகுதூரம் போய் மறுமுனையில் பட்டு, சற்றுப் பிந்தித் திரும்பி வந்து, கதைத்தவர் காதிலேயே விழும். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு யாரால் கதைக்க முடியும்? அதனால் இப்போது ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வாயைத் திறந்ததும் அது மற்றவரின் வழியை மூடிவிடும். எதிரொலி போய்விடும், ஆனால் மற்றவர் இடையில் ஏதாவது சொன்னால் அதுவும் அறுந்து போய்விடும்.

அப்பா, எங்கள் வீட்டில் யார் முறை பார்த்துக் கதைத்தது? இரண்டு பேரும் ஒன்றாகக் கதைக்கக்கூடிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். பிரிவுத் தலைவர் ஹார்லோவிடம் சொன்னேன். சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மாவை மூச்சு முட்ட அடுப்படியில் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
குணேஸ்வரி

*

ஓர்ஸ் ஹில், திருகோணமலை
9.2.1975

அன்பு மகள் குணேஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கால் நோகவில்லை. நொந்தாலும் லண்டனில் இருந்து நீ பிடித்துவிடப் போவதில்லை, ஆகையால் கவலையை விடு.

வயது போனால் பக்தி வரும். உனக்கும் வரும். கோலுக்குத்தான் அம்மா வருகிறாவே, பிறகென்ன? எனக்கு அந்தச் சின்னக் கூட்டுக்குள் நின்று கதைக்கப் பிடிக்காது. கடிதம் என்றால் ஆறுதலாக இரண்டு மூன்று தரம் வாசிக்கலாம்.

உன் வேலையைப் பற்றி எழுதியது விளங்கியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தால் கேட்பது யார்? அந்தக் கருவி ஒருவரின் வாயை மூடுவது நல்லதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. உன் மாமன் ஞானசேகரம் வந்து போகும் நாட்களில் அப்படி ஒன்று வீட்டுக்கே தேவை.

உனக்குக் கிடைத்த இடத்தைப் பற்றி அம்மா ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்துவிட்டா. நான் யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளையைப் பெற்றவர் வாயால் புகழ்ந்தால் கண்ணூறு படும். என் அப்பா என்னை ஒரு நாளும் புகழ்ந்தது கிடையாது, நான் நன்றாகத்தான் வளர்ந்தேன். நீ கவனமாக வேலையைப் பார். ஹார்லோ துரை சிரித்தால் சிரிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும் அது அனுமதிதான். டொக்யார்டில் நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அப்பா,
யோகலிங்கம்

*

லண்டன்
22.6.1975

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். இவ்வளவு நாளும் எழுதாமல் விட்டதற்குக் கோபிக்கவேண்டாம். வேலை ஆளை விழுங்கிவிட்டது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் ஒரு குறையும் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வழி கிடைத்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

எதிரொலி எப்படி இருக்கும் என்பதை ஒரு கருவி படித்து வைத்துக்கொண்டு, அந்த அளவை மட்டும் கழித்துவிட்டால், யாருடைய வழியையும் மூடத் தேவையில்லை. இதை முன்பும் சிலர் யோசித்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே என்றால், மறுமுனையில் இருப்பவரும் சேர்ந்து கதைக்கும்போது கருவி குழம்பிவிடும். அவருடைய குரலையும் எதிரொலி என்று நினைத்து, படித்ததை எல்லாம் பிழையாக மாற்றி எழுதிக்கொள்ளும். மாதக்கணக்காக இதில்தான் தலையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அம்மாவை நினைத்தேன். நீங்களும் மாமாவும் முன்னறையில் ஆளுக்காள் கத்திக்கொண்டிருப்பீர்கள். அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுவா. சத்தம் கூடியதும் அவ துருவுவதை ஒரு கணம் நிறுத்துவா. அவ்வளவுதான். அதைத்தான் நான் செய்தேன். இரண்டு குரல் கலக்கும் கணத்தைக் கண்டுபிடித்து, கருவி படிப்பதை அங்கேயே நிறுத்தி, அதுவரை படித்ததை மட்டும் வைத்துக்கொள்ளச் செய்யும் ஒரு பகுதி. படம் கீறிப் பார்த்தேன், கட்டிப் பார்த்தேன். வேலை செய்கிறது அப்பா. ஹார்லோ இந்தமுறை சிரிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு கோல் பதிகிறேன். அன்றைக்காவது கோயிலுக்கு லீவு கொடுங்கள்.

என்றும் உங்கள்,
குணேஸ்வரி

*

ஓர்ஸ் ஹில்
14.7.1975

அன்புள்ள மச்சான் ஞானசேகரத்துக்கு,

கட்டைபறிச்சானில் உம்முடைய வயலும் வீடும் எப்படி? அக்கா நலம், உம்மைக் கேட்டதாகச் சொன்னா.

குணேஸ்வரி ஒரு கருவி செய்துவிட்டாள். அவளுடைய கடிதத்தை இதனோடு வைத்திருக்கிறேன், வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பும். தொலைந்தால் உம்மோடு கதைக்கமாட்டேன். என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை, இந்த மூளை எங்கள் பக்கத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தின் காரணம் வேறு. என் காது முற்றாகப் போய்விட்டது. உமக்குப் பாதி தெரியும். கொஞ்சநஞ்சம் இருந்ததும் போன வருசத்தோடு சரி. டொக்டர் பார்த்துவிட்டு, காலம் முழுக்கக் கப்பல் பொயிலர் இரைச்சல் அடித்த காது, இனித் திரும்பாது, காதில் மாட்டுகிற கருவியும் எடுபடாது என்றார். உம்முடைய அக்கா என் முன்னால் வந்து நின்று வாயை அசைத்தால் விளங்குகிறது. திரும்பி நின்று சொன்னால் ஒன்றுமில்லை. போன வருசம் தைப்பொங்கலுக்குக் குணேஸ்வரியின் கோலைப் பிடித்துக்கொண்டு, வெறும் இரைச்சலுக்கு "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பிள்ளைக்கு இதை நீர் எழுதக்கூடாது. என் கால் முறிந்தபோது அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை ஒரு வருசம் விட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருந்தவள். யார் சொல்லியும் கேட்கவில்லை. அவள் குணம் அது. இப்போது தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுத்த கப்பலிலோ பிளேனிலோ வந்து நிற்பாள். குரலுக்கு வழி செய்கிற பிள்ளைக்கு, தகப்பனுக்கே அது உதவாது என்று தெரிந்தால் கை ஓடுமா? அவள் வேலை முடியட்டும்.

அன்புடன்,
அத்தான்

*

கட்டைபறிச்சான்
2.8.1975

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். சிறுபோக நெல் வெள்ளாண்மை பரவாயில்லை. உங்கள் சுகமும் அக்காவின் சுகமும் அறிய எழுதவும்.

பிள்ளையின் கடிதத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். மூதூர் வரைக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன், அதற்குக் கோபிக்கவேண்டாம். நாங்கள் போட்ட சண்டையில் இருந்து ஒரு கண்டுபிடிப்பு வந்திருக்கிறது என்றால் அதில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் இது சரியில்லை அத்தான். அவள் கெட்டிக்காரி, எத்தனை நாளைக்குக் கோயிலைச் சொல்லி ஒளிப்பீர்கள்? பிறகு தானாகக் கண்டுபிடித்தால் அவளுக்கு இரட்டை வருத்தம். யோசியுங்கள்.

இங்ஙனம்,
ஞானசேகரம்

*

லண்டன்
15.2.1976

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன், கொஞ்சம் மெலிந்திருக்கிறேன். அம்மாவுக்கு மெலிந்ததைச் சொல்லவேண்டாம். கார்த்திகைக் கோலுக்கும் நீங்கள் வரவில்லை. அதைப் பற்றி இனிக் கேட்பதில்லை என்று இருந்தேன். ஆனால் இப்போது கேட்டே ஆகவேண்டி வந்துவிட்டது.

என் கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. இங்கே எல்லோரும் என்னை மிஸ் யோகலிங்கம் என்றுதான் கூப்பிடுவது. கடைசியில் கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. காலையில் வந்ததும், "யோகலிங்கம் இன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்று கேட்பார்கள். ஓம், ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, ஆனால் கோலுக்கு மட்டும் வராது என்று சொல்ல வாய் வரும்.

சிக்கல் இதுதான். இன்னொரு பிரிவு பழைய கருவியையே திருத்திக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு குழு தீர்மானிக்கப் போகிறது. இங்கே சோதித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்லுங்கள் பார்ப்போம். இந்த ஊர் ஆட்கள் ஒருவர் முடிக்கும் வரைக்கும் மற்றவர் காத்திருப்பார்கள். இடையில் கதைப்பது மரியாதை இல்லையாம். இரண்டு பேர் ஒன்றாகக் கதைத்தால்தானே என் கருவிக்கு வேலை.

நான் குழுவிடம் போய், என் அப்பாவை விட்டுச் சோதியுங்கள், அவர் யாரையும் ஒரு வசனம் முடிக்க விட்டதில்லை என்று சொன்னேன். ஒத்துக்கொண்டுவிட்டார்கள். கொழும்புக்கு அங்கால் அமைத்த புதிய செய்மதி நிலையம் வழியாக, ஆனி மாதம், திருகோணமலைத் தபாற்கந்தோருக்கு ஒரு கோல். நான் கதைக்கக் கதைக்க நீங்கள் குறுக்கே கதைக்கவேண்டும். அவ்வளவுதான் உங்கள் வேலை. இது சரிவந்தால் உலகம் முழுக்க என் கருவியை வைப்பார்கள். பிழைத்தால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு என்னைப் பழையபடி கேபிள் வேலைக்கு அனுப்புவார்கள்.

உங்கள் சம்மதத்தை உடனே எழுதுங்கள்.

அன்பு மகள்,
குணேஸ்வரி

*

ஓர்ஸ் ஹில்
11.4.1976

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். உன் மெலிவை அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் நீ எழுதியதை அவவே வாசித்துவிட்டா. பயற்றம் மாவும் மிளகாய்த்தூளும் பார்சலில் வருகின்றன.

உன் கருவியில் என் பெயர் இருப்பதை வாசித்தேன். நான் கேட்காமல் என் பெயரை எடுத்ததற்கு உன்னை ஏச வேண்டும். ஏசவில்லை.

கோல் விசயம். யோசித்துப் பார்த்தேன். உன் மாமனை அனுப்பினால் என்ன? வாயடிப்பதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. கட்டைபறிச்சானில் இருந்து வள்ளம் ஏறி வந்துவிடுவான். இல்லாவிட்டால் அம்மா வருவா. எனக்கு அந்தக் கிழமை ஒரு அலுவல் இருக்கிறது.

கோடை தொடங்கிவிட்டது, வெயில் கடுமை.

அப்பா

*

லண்டன்
25.4.1976

அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை அம்மாவின் எழுத்தில் அறிந்துகொள்கிறேன்.

அம்மா கோலில் என் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிடுவா. மாமா வீட்டில்தான் புலி. ரெலிபோனைக் கையில் கொடுத்தால் மேடையில் ஏற்றிவிட்ட ஆள் மாதிரி, "சொல்லுங்கோ, சொல்லுங்கோ" என்று நின்றுகொண்டிருப்பார். உங்கள் பெயரைக் குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டது. கொழும்புக்கும் அறிவித்தாகிவிட்டது.

இரண்டு வருசமாக என் குரலைக் கேட்க நீங்கள் வரவில்லை. நீங்கள் கொண்டுவந்த கலியாணப் பேச்சை நான் மறுத்ததும் அதே இரண்டு வருசத்துக்கு முன்புதான். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. கோபம் என்றால் கோபம் என்று எழுதிவிடுங்கள். நான் குழுவிடம் போய், ஆள் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

குணேஸ்வரி

*

தந்தி
திருகோணமலை, 6.5.1976

கோலுக்கு நானே வருகிறேன். கோபம் ஒரு நாளும் இல்லை. அப்பா.

*

ஓர்ஸ் ஹில்
20.6.1976

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே இருவரும் நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். சோதனை முடிந்தது. உமக்கு முதலில் சொல்லவேண்டும் என்று எழுதுகிறேன்.

என் காது விசயத்தைச் சோதனைக்கு முன் சொன்னால் பிள்ளை உடைந்து போவாள், சொல்லாமலும் கோலுக்குப் போகாமலும் இருந்தால் என்னைக் கோபக்காரன் என்று நினைப்பாள். இரண்டும் ஏலாது. பிறகு அவளுடைய கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். குறுக்கே கதைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்று எழுதியிருந்தாள். குறுக்கே கதைக்கக் காது எதற்கு? வாய் போதாதா?

தபாற்கந்தோரில் கோல் இணைக்கிற பிள்ளை ரபீக்கா, என்னோடு பொயிலர் பகுதியில் வேலை செய்த அபூதாஹிரின் மகள். தகப்பனுக்கும் என்னுடைய கதைதான், ஆகையால் அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. லைன் வந்ததும் தோளில தட்டுறன். முடிய இன்னொருக்காத் தட்டுறன்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். உம்முடைய அக்கா கதிரையில் இருந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தா.

ரபீக்கா தட்டினாள். நான் தொடங்கினேன். அவள் மறுபடி தட்டும் வரைக்கும் நிற்பாட்டவில்லை. என்ன சொன்னேன் என்று கேளாதேயும். முதலில் சுகம், மழை, மாடு என்று போனது. பிறகு கதைக்க ஒன்றும் இல்லாமல் போகவே, மனதில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. உம்முடைய அக்கா தேவாரத்தை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. கந்தோரில் நின்ற சனம் முழுக்கக் கேட்டதாம். கேட்கட்டும்.

குணேஸ்வரிக்கு என் காது விசயம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். முடிவு என்ன என்று இன்னும் அறிவிக்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தான்

*

லண்டன்
27.6.1976

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன்.

முடிவை முதலில் சொல்கிறேன். என் கருவியை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு நேரம் இரண்டு பேர் விடாமல் ஒன்றாகக் கதைத்ததை அவர்கள் கேட்டதே இல்லையாம். ஒரு சொல்லும் அறுபடவில்லை. அதே வழியில் மற்றப் பிரிவின் கருவியைப் போட்டுக் கொஞ்ச நேரம் கேட்டார்கள், உங்கள் பேச்சு துண்டு துண்டாக வந்தது. ஹார்லோ எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வருசம் முதல் கடல் கடந்த வழிகளில் எல்லாம் யோகலிங்கம் இருக்கும். நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது அப்பா.

இனி மற்றது. லைன் வந்ததும், "அப்பா, குணேஸ்வரி கதைக்கிறன், கேக்குதோ?" என்றேன். "ஓம் பிள்ளை, நாங்கள் நல்ல சுகம்" என்று உங்கள் குரல் வந்தது. எவ்வளவு சந்தோசம் என்று சொல்ல முடியாது. "கால் எப்பிடி?" என்று கேட்டேன். மழை இல்லை என்று சொன்னீர்கள். "அம்மா பக்கத்தில நிக்கிறாவோ?" என்று கேட்டேன். சிவகுருநாதன் வீட்டு மாடு கன்று போட்டதைச் சொன்னீர்கள். குறுக்கே கதைக்கச் சொன்னதை அப்பா இவ்வளவு கவனமாகச் செய்கிறாரே என்று முதலில் சிரித்தேன்.

பிறகு ஏதோ ஒரு பயம் வந்தது. "அப்பா, நான் வேலையை விட்டிட்டன். நாளைக்கு வாறன்" என்றேன். இதற்கு நீங்கள் அந்தக் கந்தோரே அதிரும்படி கத்தியிருக்க வேண்டும். நீங்கள் நிற்பாட்டவே இல்லை. அந்த நேரத்தில் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது இது. சோதனையைப் பதிந்த ஒலிநாடாவைப் போட்டுப் போட்டு எழுதியிருக்கிறேன்:

"கேட்டுக்கொண்டிருக்கிற துரைமாருக்குத் தமிழ் விளங்காது. அதால துணிஞ்சு சொல்லுறன். வெள்ளைக்காரன் கீறின படத்தைப் பாத்து, வெள்ளைக்காரன்ர கப்பலைத் திருத்தினதுதான் என்ர சீவியம். இண்டைக்கு என்ர பிள்ளை படம் கீறுறாள். அவங்கள் அதைப் பாத்துச் செய்யிறாங்கள். இதைக் காண இருந்தனே, எனக்கு அது போதும். என்ர பிள்ளையைப் போல ஒரு பிள்ளை ஒருத்தருக்கும் இல்லை."

உங்களுக்குக் காது கேட்பதில்லை என்றும், இரண்டு வருசமாகக் கோயில் எதற்கு என்றும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹார்லோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நின்று, விடாதே, கதை, கதை என்று கையைக் காட்டினார். நான் நிறுத்தினால் சோதனை முடிந்துவிடும். நீங்கள் இவ்வளவு தூரம் வந்து செய்ததெல்லாம் வீணாகிவிடும். அதனால் அழுதுகொண்டே கதைத்தேன். உங்கள் காதில் விழாததை இங்கே எழுதுகிறேன். "அப்பா, எனக்குத் தெரிஞ்சு போச்சு. பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கோ. எத்தினை வருசமாக் காத்துக்கொண்டிருந்த கதை இது. நிப்பாட்டாதேங்கோ. நான் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்." இதையேதான் முடியும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு ஹார்லோவிடம் உண்மையைச் சொன்னேன். கதைப்பவருக்குக் கேட்டதா என்பது கருவியின் கேள்வி இல்லை, சொல் அறுபடாமல் வந்ததா என்பதுதான் கேள்வி என்றார். உங்களுக்குத் தன் வணக்கத்தை எழுதச் சொன்னார்.

நான் வேலையை விடவில்லை, விடவும் மாட்டேன். அதற்குப் பயந்துதானே மறைத்தீர்கள்? லீவு கேட்டிருக்கிறேன், ஆவணியில் வருகிறேன், லீவு முடியத் திரும்பிப் போவேன். ஆனால் கலியாணத்துக்காகக் கோபம் என்று நான் எழுதிய அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்,
குணேஸ்வரி

*

ஓர்ஸ் ஹில்
18.7.1976

என் அன்பு மகள் குணேஸ்வரிக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். இது வழக்கத்துக்கு எழுதுவது இல்லை, உண்மையாகவே நலம். உன் கடிதம் வந்த நாளில் இருந்து எனக்கு நன்றாகச் சாப்பாடு இறங்குகிறது.

மாமன் வள்ளத்தில் வந்து இறங்கினான். உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தான், நானும் அம்மாவும் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் சொன்னதாக நீ எழுதிய இடம் வந்ததும் அவன் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டான். மிச்சத்தை நானே வாங்கி வாசித்தேன். அவ்வளவையும் நானா சொன்னேன் என்று இருந்தது. சொன்னதை மறுக்கவில்லை. வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஹார்லோ துரைக்கு என் வணக்கத்தைச் சொல். லீவு முடியத் திரும்பிப் போவேன் என்று எழுதினாயே, அந்த வரியைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். உன்னைப் போகச் சொல்லி நான் சண்டை பிடிக்க வேண்டிவரும் என்று இருந்தேன்.

ஒன்று உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் ரெலிபோனைக் காதோடு இறுக்கிப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது என் கன்னத்தில் மெல்ல அதிரத் தொடங்கியது. விட்டு விட்டு அதிர்ந்தது. மூச்சு எடுக்கிறாய், திரும்பத் தொடங்குகிறாய் என்று விளங்கியது. அதுதான் எனக்குத் தைரியம் வந்த இடம்.

ஆகையால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நீ ஆவணியில் வந்து திரும்பிப் போன பிறகும் முன்பு போலக் கோலைப் பதி. இனிக் கோயிலுக்கு அம்மா போகட்டும், கோலுக்கு நான் வருகிறேன். நான் கதைக்கிறேன், நீ கேள். பதிலைக் கடிதத்தில் எழுது. ஆனால் எனக்குக் கேட்காதுதானே என்று நீ பேசாமல் நின்றுவிடாதே. கூடவே நீயும் கதை. நீ கதைக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குக் கதைக்க வருகிறது.

உன் அப்பா,
யோகலிங்கம்